அளவுக்கு நின்றவன்

கந்தோருக்கு வந்த பெட்டியில்
பதினொரு கண்ணாடித் தட்டுகள்.
இரண்டு வழியில் உடைந்திருந்தன.
வெள்ளக் கணக்குக்கு உதவும் என்று
யாரோ அனுப்பியிருக்கிறார்கள்.

ஏழாம் தட்டை ஸ்கேன் செய்து
கறுப்பை வெளுப்பாய்ப் புரட்டினேன்.
பாலத்துறையில் பாலம் இன்னும்
வள்ளங்களாய் மிதந்துகொண்டிருந்த காலம்.
வள்ளங்களின் மேலே பலகை,
பலகையின் மேலே ஒருவருமில்லை.

ஒருவருமில்லாமல் இருந்திருக்காது.
கொழும்புக்குத் தேங்காய் போகிற காலை.
ஆயம் கேட்பவன் கத்தியிருப்பான்.
மாடுகள் பலகையில் சாணி போட்டிருக்கும்.
பன்னிரண்டு விநாடி திறந்திருந்த கண்ணுக்கு
நடந்தவர்கள் எல்லாரும் இல்லாதவர்கள்.
ஒரேயொரு வண்டி
சற்று நின்றுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.
சக்கரம் இருக்கிறது, மாடு இல்லை.

ஆறும் அப்படித்தான்.
ஓடிய ஓட்டமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து
ஆறிய பாலின் ஆடைபோல் கிடக்கிறது.
சுழியில்லை, நுரையில்லை.
நீர் அளக்கிற எனக்கு இதில் என்ன வேலை?

மூடப்போகையில்தான் அவனைக் கண்டேன்.
கரையோரம், முழங்கால் தண்ணீரில்,
கைகளை உடம்போடு ஒட்டி நிற்கிறான்.
தட்டோடு வந்த குறிப்பேட்டில்
துரையின் சாய்ந்த எழுத்து:
கங்கை, வள்ளப் பாலம். அளவுக்கு ஓராள்.
பக்கத்தின் அடியில் செலவுக் கணக்கு.
ஈதர், வெள்ளி உப்பு, வண்டி வாடகை,
சூசைமுத்து, முப்பது சதம்.

இரண்டும் ஒரே ஆள்தானா?
பெரிதாக்கி விரல்களைப் பார்த்தேன்.
நுனிகள் கரியாய் இருந்தன.
வெள்ளி உப்பில் தட்டு நனைக்கிறவனின் விரல்.
இருட்டுக் கூடாரத்திலிருந்து ஓடிவந்து,
ஈரத் தட்டைத் துரையிடம் நீட்டிவிட்டு,
ஆற்றில் இறங்கி மூச்சுப் பிடித்திருக்கிறான்.
தட்டு காய்வதற்குள்
திரும்பவும் ஓட வேண்டும்.

சூசைமுத்து, உன் உயரம் தெரிந்தால்
ஆற்றின் உயரம் சொல்லிவிடுவேன்.
நீ ஐந்தடி என்றால் ஒரு கங்கை.
ஐந்தரை என்றால் வேறொரு கங்கை.
முப்பது சதத்தை எழுதியவர் அதை எழுதவில்லை.
உன்னை வைத்து மற்றதெல்லாம் அளக்கலாம் என்றிருந்தவர்
உன்னை அளக்கவில்லை.

சாரத்தின் ஓரம் மட்டும் கலங்கியிருந்தது.
நீ அசையவில்லை. துணியை ஆறு இழுத்திருக்கிறது.
இழுத்த திசை மேற்கல்ல, கிழக்கு.
நாற்காலியை விட்டு எழுந்தேன்.
கடல் உள்ளே ஏறி வந்த நாள்!
மழை பொய்த்த மாசி,
உப்புக் கரித்த கிணறுகள்,
மேலே நகர முடியாத பாரப் படகுகள்...
இரண்டு நாள் அந்த உப்பிலேயே இருந்தேன்.
அறிக்கையில் ஒரு பந்தியும் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள்
மூலையில் கீறியிருந்த எண் கண்ணில் பட்டது.
ஏழு, முதுகைக் காட்டி நின்றது.
தட்டைப் புறம் மாற்றி வைத்திருக்கிறேன்.
திருப்பினேன். கிழக்கு மேற்கானது.
கங்கை வழக்கம்போல் கடலுக்குப் போனது.
பந்தியை வெட்டினேன்.

வானத்தில் மேகமேயில்லை.
அந்த நாளைய மருந்துக்கு நீலமும் வெள்ளைதான்.
ஆனால் வலது மேலே, வாலோடு ஒரு புள்ளி.
தட்டை ஆற்று நீரில்தான் கழுவியிருக்கிறான்.
களனியின் ஒரு மணல் ஒட்டிக் காய்ந்திருக்கிறது,
அன்றைய ஆற்றில் என் கைக்கு எட்டிய ஒரே பொருள்.
அதை அளந்தேன். கால் மில்லிமீற்றர்.

படிவத்தில் நீர்மட்டம் என்ற கட்டத்துக்கு
முழங்கால், ஒன்று, என்று எழுதினேன்.
அலகு என்ற கட்டத்துக்கு
சூசைமுத்து.

பின்னேரமே திரும்பி வந்தது,
அலகு செல்லாது என்ற சிவப்புக் குறிப்போடு.
அதற்குள் மழை பிடித்துவிட்டது.
குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்,
நாகலகம் வீதியில் மானி பார்க்க.